‘அவன் எங்கே சார்?’

கல்ச்சுரல்ஸ் முடிஞ்சு விடியற்காலையில ஹாஸ்டலுக்குத் திரும்பற காலேஜ் பஸ் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தொண்டை கட்டியிருக்கும், கண்ணு சொருகும், ஆனாலும் கடைசி சீட்ல ஒரு கோஷ்டி பாடிக்கிட்டே வரும். 1976 மார்ச் 1-ம் தேதி கோழிக்கோடு ரீஜினல் இன்ஜினீயரிங் காலேஜ் பசங்களும் அப்படித்தான் கலைவிழா முடிச்சுத் திரும்பியிருந்தாங்க. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் ராஜன். ஃபைனல் இயர். இன்னும் கொஞ்ச நாள்ல கையில டிகிரி.

பொழுது விடியும் நேரம். கேம்பஸுக்குள் போலீஸ் வந்தது. ராஜனையும் இன்னொரு மாணவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது.

ராஜன் திரும்பி வரவே இல்லை.

இந்தக் கதையை இப்ப எதுக்குச் சொல்றேன்னு கேட்கறீங்களா? பைக்கை நிறுத்தி லைசென்ஸ் கேட்கும்போது உங்க நெஞ்சு படபடக்குதே, அந்தப் பயத்துக்கு மருந்து இந்தக் கதைக்குள்ளதான் இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல உங்களுக்கு இன்னைக்கு இருக்கற ஒவ்வொரு உரிமைக்குப் பின்னாலயும் யாரோ ஒருத்தர் நின்னு கேட்ட ஒரே ஒரு கேள்வி இருக்கு: ‘அவன் எங்கே சார்?’

ஒரு அப்பா கேட்டார்

அப்போது எமர்ஜென்சி காலம். 1975 ஜூன் 25 ராத்திரி தொடங்கியது. ராஜன் கைதாவதற்கு முன்பு, பிப்ரவரி 28 அன்று, கோழிக்கோடு மாவட்டத்தில் காயண்ணா என்ற ஊரின் போலீஸ் ஸ்டேஷனை நக்சல்பாரிகள் தாக்கினார்கள். அந்தக் கோபத்தில் போலீஸ் கண்ணில் பட்டவர்களை எல்லாம் அள்ளியது. கக்கயம் என்ற மலையோர இடத்தில் ஒரு தற்காலிக முகாம். பிடித்தவர்களை அங்கே கொண்டுபோய் ‘விசாரித்தார்கள்’. பெஞ்சில் கட்டிப் போட்டு, தொடை மேல் உலக்கையை வைத்து உருட்டுவதுதான் விசாரணை. ‘உருட்டல்’ என்றால் கேரளாவில் ஒரு தலைமுறைக்கே இன்றும் உடம்பு நடுங்கும்.

ராஜனின் அப்பா ஈச்சர வாரியர். இந்திப் பேராசிரியர். மகனை போலீஸ் கூட்டிப் போன விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? கல்லூரி பிரின்சிபால் ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம் எழுதினார். ‘உங்கள் மகனை போலீஸ் அழைத்துப் போயிருக்கிறது’ என்று. சாதாரணமான கடிதம்தான். ஆனா அதை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்பா அலைய ஆரம்பித்தார். அதிகாரிகளைப் பார்த்தார். உள்துறை அமைச்சரைப் பார்த்தார். டெல்லிக்கு மனு மேல் மனு அனுப்பினார். பதில் இல்லை. கோர்ட்டுக்குப் போகலாமே? அதுக்கும் வழி இல்லை.

ஒருத்தரை சட்டவிரோதமா பிடிச்சு வெச்சிருந்தா, ‘அந்த ஆளைக் கொண்டு வந்து நிறுத்து’ன்னு ஐகோர்ட்டுல போடற மனுவுக்குப் பேர் ஆட்கொணர்வு மனு. ஹேபியஸ் கார்ப்பஸ்னு சினிமாவுல கேட்டிருப்பீங்க. எமர்ஜென்சியில் அந்தக் கதவையே சாத்திவிட்டார்கள். 1976 ஏப்ரல் 28-ல் ஜபல்பூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், எமர்ஜென்சி இருக்கும்வரை இந்த மனுவோடு யாரும் வர முடியாது என்று தீர்ப்பு எழுதினார்கள். அந்த வழக்கு விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா, போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால்கூட கோர்ட் எதுவும் செய்ய முடியாதா என்று கேட்டார். எமர்ஜென்சி இருக்கும்வரை முடியாதுதான் என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். கன்னா ஒருவர் மட்டும் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவி அவர் கையை விட்டுப் போனது.

1977 மார்ச் 21-ல் எமர்ஜென்சி விலக்கப்பட்டது. நாலே நாளில், மார்ச் 25-ல், வாரியர் கேரள ஐகோர்ட் படியேறினார். ‘என் மகனைக் கொண்டு வந்து நிறுத்துங்கள்.’

அரசுத் தரப்பு என்ன சொன்னது? ராஜன் என்று யாரையும் நாங்கள் கைது செய்யவே இல்லை!

இங்கேதான் அந்தக் கடிதம் பேசியது. போலீஸ் கூட்டிப் போனதைக் கல்லூரியில் பார்த்தவர்கள் சாட்சி சொன்னார்கள். முகாமில் ராஜனைப் பார்த்தவர்களும் சொன்னார்கள். ராஜன் போலீஸ் பிடியில்தான் இருந்தார் என்று ஐகோர்ட் முடிவுக்கு வந்து, அவரை ஆஜர்படுத்தச் சொன்னது. அதற்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. கைதான மறுநாளே, மார்ச் 2-ம் தேதியே, ராஜன் கக்கயம் முகாமில் இறந்துவிட்டார். எமர்ஜென்சியில் உள்துறை அமைச்சராக இருந்து, 1977 மார்ச்சில் முதலமைச்சராகியிருந்த கருணாகரன், ஏப்ரலிலேயே ராஜினாமா செய்ய வேண்டி வந்தது.

ராஜனின் உடல் கிடைக்கவே இல்லை. அதிகாரிகள் மீதான வழக்கு நம்ம கோயம்புத்தூர் கோர்ட்டில்தான் நடந்தது. சிலருக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அப்பீலில் அது நிற்கவில்லை. 2006 ஏப்ரலில் வாரியர் இறந்தார், முப்பது வருஷம் அதே கேள்வியைக் கேட்டபடி. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் தமிழிலும் வந்திருக்கிறது. லைப்ரரியில் தேடிப் பாருங்க.

அந்த அப்பாவுக்கு நீதி முழுசா கிடைக்கலை. ஆனா எமர்ஜென்சியில பட்ட பாட்டுக்குப் பிறகு 1978-ல அரசியல் சட்டத்தோட 44-வது திருத்தம் வந்தது. இனி எந்த எமர்ஜென்சியிலும் உயிர் வாழும் உரிமையை, அதாவது 21-வது பிரிவை, முடக்கி வைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பையும் 2017-ல சுப்ரீம் கோர்ட்டே தப்புன்னு சொல்லித் தூக்கிப் போட்டுடுச்சு.

ஒரு அம்மா எழுதினார்

அடுத்து ஒடிசா போவோம். 1987 டிசம்பர் 1. சுமன் பெஹரா, வயது 22. திருட்டு வழக்கு விசாரணை என்று காலையில் போலீஸ் அவரைப் புறக்காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனது. ராத்திரி எட்டு மணி வாக்கில் வீட்டிலிருந்து சாப்பாடு போனது. சாப்பிட்டார். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. உடம்பெல்லாம் காயம்.

போலீஸ் சொன்ன கதையைக் கேளுங்க. கையில் கட்டியிருந்த கயிற்றை ராத்திரி மூன்று மணிக்குப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு ஓடிவிட்டாராம். அப்புறம் ரயிலில் அடிபட்டாராம்!

அம்மா நீலாபதி பெஹராவுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. 1988 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது கோர்ட். டாக்டர் சாட்சியம், கயிறு, காயம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது லாக்கப் மரணம்தான் என்று 1993 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னது. அம்மாவுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவு போட்டது.

பணம் கொஞ்சம்தான். ஆனா தீர்ப்பு பெரிசு. அடிப்படை உரிமையை மீறினா அரசாங்கம் நேரடியா இழப்பீடு கொடுக்கணும், ‘அரசுக்கு விதிவிலக்கு உண்டு’ன்னு தப்பிக்க முடியாதுன்னு கோர்ட் அடிச்சுச் சொன்னது. இன்னைக்குவரை லாக்கப் மரண வழக்குல இழப்பீடு கேட்கறவங்க எல்லாம் இந்த அம்மா கேஸைத்தான் காட்டறாங்க.

கடிதத்தால் வந்த 11 கட்டளைகள்

மூணாவது கடிதம் கொல்கத்தாவிலிருந்து. டி.கே. பாசு. மேற்கு வங்கத்தில் இலவச சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவர். 1986-ல் பேப்பரைப் புரட்டினால் லாக்கப் மரணம், லாக்கப் மரணம் என்று செய்தி. மத்தவங்க ‘உச்’ கொட்டிட்டு அடுத்த பக்கம் போனாங்க. பாசு அந்தச் செய்திகளைச் சேர்த்து வைத்து, சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஆகஸ்ட் 26-ம் தேதி கடிதம் எழுதினார். பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பர் 18-ல் தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போது போலீஸ் கட்டாயம் பின்பற்ற வேண்டிய 11 கட்டளைகள்.

கைது செய்யும் போலீஸார் தெளிவாகத் தெரியும்படி பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும். கைது செய்த நேரம், தேதி எழுதி ஒரு மெமோ தயாரிக்க வேண்டும். அதில் குடும்பத்தினர் அல்லது அந்தப் பகுதியைச் சேர்ந்த மரியாதைக்குரிய ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும். அவர் வெளி மாவட்டமாக இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தகவல் சேர வேண்டும். யாருக்குச் சொன்னார்கள், யார் பொறுப்பில் கைதி இருக்கிறார் என்பது ஸ்டேஷன் டைரியில் ஏற வேண்டும். கைதானவர் கேட்டால், உடம்பில் இருக்கும் காயங்களைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். எல்லாக் காகிதங்களின் நகலும் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், முழு நேரமும் கூடவே வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும். கன்ட்ரோல் ரூமுக்கு 12 மணி நேரத்துக்குள் தகவல் போய், அங்கே போர்டில் ஒட்ட வேண்டும்.

கொஞ்சம் நிதானிச்சு யோசிங்க. இந்தப் பதினொண்ணுல பாதிக்கு மேல ‘அடிக்காதே’ங்கற பேச்சே இல்லை. பேரை எழுது, நேரத்தை எழுது, காயத்தை எழுது, யாருக்காவது சொல்லு... அவ்வளவுதான். ஏன்? அடி விழறது எப்பவும் யாருக்கும் தெரியாத அந்தச் சில மணி நேரத்துலதான். ராஜன் செத்தது ஒரே நாள்ல. சுமன் செத்தது ஒரே ராத்திரியில. அந்த இருட்டு நேரத்தை இல்லாம பண்ணிட்டா பாதி அடி தானா நின்னுடும். அதுக்குத்தான் இத்தனை பேப்பர் வேலை!

‘உண்மையைக் கக்க வைக்கிறது’ பழைய கதை

இது நேத்து முளைச்ச வியாதி இல்லை. வெள்ளைக்காரன் காலத்துல, 1855-லேயே, மதராஸ் மாகாணத்துல நடக்கற சித்திரவதையைப் பத்தி ஒரு கமிஷன் ரிப்போர்ட் கொடுத்திருக்கு. வரி கட்டாத விவசாயியிலிருந்து திருட்டு சந்தேகம் உள்ளவர் வரை எல்லாரையும் வதைத்திருக்கிறார்கள். ‘கிட்டி’ என்ற கருவி அதில் வருகிறது. எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி, இரண்டு மரக் கட்டைகளுக்கு நடுவில் கை விரல்களை வைத்து நசுக்குவது. ‘எனக்குக் கிட்டி போடாதே’ என்று இன்றும் ஊர்ப்பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1872 சாட்சியச் சட்டத்திலேயே, போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று எழுதி வைத்தார்கள். தன் போலீஸை வெள்ளைக்காரனே நம்பவில்லை! 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் அதே விதி 23-வது பிரிவாக இருக்கிறது.

அப்புறம் ஏன் அடிக்கிறாங்க? அந்த விதிக்கு ஒரு சின்ன விலக்கு இருக்கு. கைதானவர் சொல்லி ஒரு பொருள் கிடைச்சா, அந்த அளவுக்கு அவர் சொன்னது சாட்சியமாகும். ‘நகையை எங்கடா வெச்ச?’ங்கற கேள்விக்குப் பின்னால லத்தி வர்றது இதனாலதான். கைரேகை, செல்போன் டவர், கேமரான்னு தேடிப் பிடிக்க நேரமும் ஆளும் வேணும். லத்தி சுலபம். ‘கேஸை ரெண்டு நாள்ல முடி’ன்னு மேலேயிருந்து பிரஷர். லீவு இல்லாம, தூக்கம் இல்லாம டியூட்டி பார்க்கற ஒரு கான்ஸ்டபிளோட எரிச்சலும் அதுல சேரும். இதெல்லாம் காரணம்தான். மன்னிப்பு ஆகாது. வாக்குமூலத்துக்காக அடிச்சா ஏழு வருஷம், கொடுங்காயம்னா பத்து வருஷம் வரை ஜெயில்னு சட்டத்துலயே தனிப் பிரிவு இருக்கு.

நம்ம பங்கும் இருக்கு பாஸ். தியேட்டர்ல ஹீரோ போலீஸ் ஒருத்தனைத் தொங்கவிட்டு அடிக்கும்போது முதல் விசில் யாரோடது? அதே திரையிலதான் வெற்றிமாறனின் ‘விசாரணை’யும் வந்தது. அந்தப் படத்துக்கு மூலம் ‘லாக்கப்’ என்ற நாவல். எழுதியவர் மு. சந்திரகுமார். கோயம்புத்தூர் ஆட்டோ டிரைவர். இளைஞனாகப் பிழைப்புத் தேடி ஆந்திராவுக்குப் போன இடத்தில் செய்யாத திருட்டுக்காகப் பட்ட அடியைத்தான் அவர் எழுதினார். அதைப் பார்த்தப்ப தியேட்டர்ல விசில் வரலை.

சாத்தான்குளம்: ஃப்ரெண்ட்ஸ் வெளியிலேயே நின்றார்கள்

இவ்வளவு விதி இருந்தும் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதுக்கு சாத்தான்குளத்தைப் பத்திப் பேசாம பதில் சொல்ல முடியாது.

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம். செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாக ஜெயராஜைக் கூட்டிப் போனார்கள். ‘அப்பா எங்கே?’ என்று கேட்டுப் போன மகன் பென்னிக்ஸும் உள்ளே. நண்பர்களும் தெரிந்த வக்கீல்களும் ஸ்டேஷன் வாசலிலேயே நின்றார்கள். விடிய விடிய அடி. ரத்தக் கசிவால் லுங்கி நனைய நனைய மாற்று லுங்கி கொண்டு வந்து கொடுத்ததாக நண்பர்கள் பிறகு சொன்னார்கள். மறுநாள் அரசு மருத்துவமனையில் ‘ஃபிட்’ என்று சான்றிதழ். மாஜிஸ்திரேட் ரிமாண்ட். தூரத்தில் இருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறை. ஜூன் 22 இரவு பென்னிக்ஸ் இறந்தார். சில மணி நேரத்தில், 23-ம் தேதி அதிகாலை, ஜெயராஜும்.

இங்கே கேள்வி கேட்க ஆள் இருந்தது. ஆனா அதுக்கு அடுத்து நின்ன ஒவ்வொருத்தரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. டாக்டர் காயத்தைக் காயம்னு எழுதியிருந்தா? மாஜிஸ்திரேட் பக்கத்துல கூப்பிட்டு ‘அடிச்சாங்களா?’ன்னு கேட்டிருந்தா? ஜெயில் வாசல்ல ‘இந்த நிலைமையில சேர்க்க முடியாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ன்னு ஒருத்தர் சொல்லியிருந்தா? விதிகள் சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி பிடிச்சிருந்தாகூட ரெண்டு உயிர் தங்கியிருக்கும்.

பிறகு நடந்ததையும் சொல்லணும். மதுரை ஐகோர்ட் கிளை தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் அந்த ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். சக போலீஸார் சுற்றி நிற்க, பயத்துக்கு நடுவில் சொன்னார். ஸ்டேஷன் கேமராப் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை மாஜிஸ்திரேட்டின் அறிக்கை வெளியே கொண்டு வந்தது. வழக்கு சிபிஐக்குப் போனது. 2020 செப்டம்பரில் ஒன்பது போலீஸார் மீது கொலைக் குற்றச்சாட்டோடு குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதே வருஷம் டிசம்பர் 2-ல் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட், நாடு முழுக்க எல்லா போலீஸ் ஸ்டேஷனிலும் சிசிடிவி வேண்டும், குரலும் பதிவாக வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் ஒரு வருஷமாவது கட்டாயம் என்று உத்தரவு போட்டது.

காக்கிச் சட்டை போட்ட எல்லாரும் வில்லன் இல்லைங்கறதுக்கு அந்தப் பெண் காவலர் ஒருத்தர் போதும். கோழிக்கோட்டு பிரின்சிபால் தபால் எழுதின மாதிரி, அவரும் ‘நான் பார்த்தேன்’னு சொன்னார். அவ்வளவுதான் கேட்கறது.

உங்க ஃப்ரெண்டை கூட்டிட்டுப் போனா...

பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கு. பாசு வழக்கின் கட்டளைகளில் முக்கியமானவை இப்போ சட்டப் பிரிவாவே அதுல உட்கார்ந்திருக்கு. தகவல் சொல்ல வேண்டியவங்க பட்டியலைப் பாருங்க. சொந்தக்காரர், அடுத்து ‘நண்பர்’. ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கற பையனுக்கு அப்பா அம்மா முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. பக்கத்துல இருக்கறது நீங்கதான். அதனால இதைக் கிழிச்சு பர்ஸ்ல வெச்சுக்குங்க:

* தனியா போகாதீங்க. ரெண்டு மூணு பேர், முடிஞ்சா ஒரு வக்கீல் அல்லது லெக்சரர். கூட்டமா போய்க் கோஷம் போட்டா அது வேற கேஸாயிடும். குரலை உசத்த வேண்டாம். ‘சார், அவர் கைதா, விசாரணையா? எந்த கேஸ், எந்த பிரிவு?’ இது போதும்.

* கைதுன்னா காரணத்தைச் சொல்லியாகணும் (பிரிவு 47). கைதானவருக்குப் புரியற மொழியில எழுத்துல கொடுக்கணும்னு 2025 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கைதான தகவலை அவர் சொல்ற ஆளுக்குத் தெரிவிக்கணும் (48).

* ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம்னா உடனே கைதுதான்னு கிடையாது. தேவையில்லேன்னா ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கணும் (35). கைது செஞ்சா ஏன்னு காரணம் எழுதணும். நோட்டீஸ் வந்தா ஒழுங்கா போய் ஆஜராகுங்க. போகலைன்னா அதுவே கைதுக்குக் காரணமாயிடும்.

* சாட்சி விசாரணைக்கு எந்த வயசுப் பெண்ணையும், 15 வயசுக்குக் கீழ் அல்லது 60-க்கு மேல் உள்ள ஆணையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. அவங்க இருக்கற இடத்துக்குத்தான் போலீஸ் வரணும் (179).

* சூரியன் மறைஞ்ச பிறகு, உதிக்கறதுக்கு முன்னால பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழ்நிலைன்னா பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டோட முன் அனுமதி வாங்கித்தான் செய்யணும் (43).

* வெள்ளைப் பேப்பர்ல கையெழுத்து? கூடவே கூடாது. விசாரணையில போலீஸ் எழுதிக்கற வாக்குமூலத்துல சொன்னவர் கையெழுத்துப் போடறது சட்டத்துலயே இல்லை (181).

* கைதானா டாக்டர் பரிசோதனை கட்டாயம் (53). வலி இருந்தா டாக்டர்கிட்ட வாய் விட்டுச் சொல்லணும், எழுதச் சொல்லணும். போலீஸ் பக்கத்துல நிக்கறாரேன்னு முழுங்கிடக் கூடாது.

* பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும் (58). அடி விழுந்திருந்தா அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அரசியல் சட்டமே 22-வது பிரிவுல கொடுத்த நிமிஷம் அது.

* ‘அப்படி ஒருத்தர் இங்க இல்லை’ன்னு ஸ்டேஷன்ல சொன்னா பதறாதீங்க, பதிவு பண்ணுங்க. எத்தனை மணிக்கு, எந்த வண்டி, யார் பார்த்தாங்கன்னு எழுதி எஸ்.பி. அல்லது கமிஷனர் ஆபீஸுக்கு இ-மெயில் தட்டுங்க. அந்தக் காலத்து வக்கீல்கள் முதல் வேலையா தந்தி கொடுப்பாங்க. நேரம் அச்சாகி ஆதாரமாயிடுமே! 2013-ல தந்தி சேவை நின்னு போச்சு. உங்க இ-மெயில்ல இருக்கற நேரம்தான் இன்னைக்கு அந்தத் தந்தி. அப்பவும் பதில் இல்லேன்னா ஐகோர்ட்ல ஆட்கொணர்வு மனு. அதை நண்பரும் போடலாம்.

* வக்கீலுக்குக் காசு இல்லையா? சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி எண் 15100. கைதி ஏழையோ பணக்காரரோ, காவலில் இருக்கறவங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

* பிறகு புகார் செய்ய மாநில மனித உரிமை ஆணையம் இருக்கு. கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. ஆனா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள கொடுக்கணும்.

பாக்கி இருக்கிற வேலை

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போட்டது 1997 அக்டோபரில். கையெழுத்தோடு நின்றுவிட்டது. அதை ஏற்று உறுதி செய்வதற்குத் தேவையான சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010-ல் லோக்சபாவில் நிறைவேறியது. ராஜ்யசபா அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. பிறகு காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையமும் தனிச் சட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அதுவும் அலமாரிக்குப் போனது.

சட்டம் படிக்கற மாணவர்களே, உங்க ப்ராஜெக்டுக்கு இதைவிடப் பெரிய தலைப்பு வேணுமா? மத்த டிபார்ட்மென்ட் ஆட்களுக்கும் வேலை இருக்கு. உங்க ஊர் ஸ்டேஷன்ல கைதானவங்க பேர் எழுதற போர்டு இருக்கான்னு பாருங்க. கேமரா எத்தனை, பதிவை எத்தனை நாள் வெச்சிருக்காங்கன்னு தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு போடுங்க. பத்து ரூபாய்தான் செலவு. ஒரு டீ குறையும், அவ்வளவுதான்.

ஒரு கல்லூரி முதல்வர் ஒரு தபால் எழுதினார். எழுதத் தெரிஞ்ச யாரும் செய்யக்கூடிய வேலை. அது இல்லேன்னா ராஜன்னு ஒரு மாணவனை போலீஸ் பிடிக்கவே இல்லைங்கற பொய்யே சரித்திரமாயிருக்கும். நாளைக்கு உங்க கண் முன்னால ஒருத்தரை வண்டியில ஏத்தினா, வேடிக்கை பார்த்துட்டு கேன்டீனுக்குப் போயிடாதீங்க. மணி என்னன்னு பாருங்க. வண்டி நம்பரைக் குறிச்சு வைங்க. அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய் மரியாதையா, விடாம, அந்த ஒரு கேள்வியைக் கேளுங்க.